வடக்குச் சுவர்க் குழாய்

சால்மி, மினசோட்டா
நவம்பர் 6, 1978

அண்ணாவுக்கு,

லெம்பி எழுதுவது. நலம். ஆறு வருஷம் கழித்து எழுதுகிறாளே, என்ன வேண்டுமாம் என்று நினைப்பாய். ஒன்றே ஒன்றுதான். வீட்டுத் தண்ணீரை மொத்தமாக அடைக்கிற வால்வு எங்கே இருக்கிறது?

பள்ளிக்கூடச் சமையல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். அப்பா அம்மா வீட்டுக்கே குடிவந்தாயிற்று. விற்றுவிடலாம் என்று வக்கீல் மூலம் நீ சொல்லியனுப்பியது கிடைத்தது. வசந்தம் வரை பொறு. தண்ணீர் உறைந்து ஒரு குழாய்கூட வெடிக்காமல் இந்தக் குளிர்காலத்தை நான் கடத்திவிட்டால் வீடு நமக்கே இருக்கட்டும். முடியாவிட்டால் விற்கச் சம்மதிக்கிறேன்.

லெம்பி

டூசான், அரிசோனா
நவம்பர் 17

அன்புள்ள லெம்பிக்கு,

நான் ‘அன்புள்ள’ போட்டுவிட்டேன். நீ போடவில்லை, கவனித்தேன்.

வால்வு நிலவறையில், நாம் ஆவிக்குளியல் போடும் சௌனா அறைக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் இருக்கிறது. இப்போதே ஒருமுறை திருகிப் பார். சமையலறைக் குழாய் வடக்குச் சுவரை ஒட்டி ஏறுகிறது, அதுதான் உன் எதிரி. சுவரும் அஸ்திவாரமும் சேருமிடத்தில் காற்று நுழையும், பஞ்சு வைத்து அடை. குழாய்க்கு உறை சுற்று. கடுங்குளிர் வந்தால் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலுள்ள அலமாரியைத் திறந்து வை, அறைச் சூடு உள்ளே போகட்டும். குழாயைப் பென்சில் முனை அளவு ஓடவிடு. ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது. அப்படியும் உறைந்தால் குழாயைத் திறந்து வைத்து, வாய்ப்பக்கமிருந்து சூடு கொடுத்துக்கொண்டே பின்னால் போ. நெருப்பை மட்டும் காட்டாதே.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். ஆனாலும் நீ ஜனவரி தாண்டமாட்டாய்.

ஊர்ஹோ

சால்மி
டிசம்பர் 15

அண்ணாவுக்கு,

எல்லாம் செய்தாயிற்று. கம்பளித் துணி கிழித்து உறை சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ரண்டாலா வந்து நின்றார்.

“என்ன லெம்பி, குழாய்க்கு ஸ்வெட்டர் போட்டாச்சு, காலுறை எப்போ?”

“உங்க வீட்டுக் குழாய் அம்மணமா நிக்குதாமே? அதுக்கு முதல்ல ஒரு கோவணம் தைக்கணும்,” என்றேன். மனுஷர் காபியைக்கூட முடிக்காமல் போய்விட்டார்.

சுற்றும்போது, ஆறு வருஷத்துக்கு முன் வெடித்த இடத்தில் போட்ட ஒட்டு கையில் தட்டுப்பட்டது. அம்மா ஆஸ்பத்திரியில், வீடு உன் பொறுப்பில். நீ உண்மையிலேயே மீன் பிடிக்கத்தான் போனாயா? எனக்கு இன்றுவரை தெரியாது.

லெம்பி

டூசான்
ஜனவரி 2, 1979

அன்புள்ள லெம்பிக்கு,

ஆமாம், மீன் பிடிக்கத்தான் போனேன். அம்மா பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் சொன்ன அன்று. எங்கே போவதென்று தெரியாமல் ஏரிக்குப் போய்ப் பனியில் துளை போட்டு உட்கார்ந்துவிட்டேன். மறுநாள்தான் வீடு திரும்பினேன். கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர், அம்மாவின் துணிமணியெல்லாம் மிதந்தது.

தப்பு என்னுடையதுதான். ஆனால் அம்மாவை அடக்கம் செய்த அன்று, சர்ச்சில் எல்லார் முன்னாலும், “வீட்டையும் இவன்தான் மூழ்கடிச்சான்” என்றாயே. அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த ஊரில் இருப்புக் கொள்ளவில்லை.

ஊர்ஹோ

சால்மி
ஜனவரி 22

அன்புள்ள அண்ணா,

நிமிர்ந்து உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது. மத்தியானம் ஒரு மணிக்கு மின்சாரம் போயிற்று. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் உலை நின்றுவிட்டது. அலமாரியைத் திறந்தேன், எல்லாக் குழாயையும் ஓடவிட்டேன். அப்படியும் மூன்று மணிக்குச் சமையலறைத் தாரை மெலிந்து, சொட்டாகி, நின்றேபோயிற்று.

இனி வால்வை அடைக்க வேண்டியதுதான் என்று நிலவறைக்கு இறங்கினேன். அதன் மேல் கையும் வைத்துவிட்டேன். அப்போதுதான் சௌனா கண்ணில் பட்டது. விறகில் எரிகிற அடுப்பு, மின்சாரமே வேண்டாம். அதற்கு நேர் மேலேதான் சமையலறை! வயிறு முட்ட விறகைத் திணித்து மூட்டினேன். அடுப்பு மேலிருக்கும் கற்கள் பழுக்கக் காய்ந்ததும் கதவை அகலத் திறந்துவிட்டேன். சூடு நிலவறையை நிறைத்து மேலே ஏறியது. அடுப்புத் தொட்டியில் கொதித்த நீரில் துண்டுகளை நனைத்து, நீ சொன்னபடி குழாய் வாயிலிருந்தே சுற்றிக்கொண்டு போனேன். முக்கால் மணி நேரம். குழாய் இருமியது, துப்பியது, பிறகு குபுகுபுவென்று கொட்டியது! சுவரெங்கும் தடவிப் பார்த்தேன், ஒரு பொட்டு ஈரமில்லை. தனியாக நின்று கைதட்டினேன்.

மறுநாள் காலை ரண்டாலா வாசலில் நின்றார்.

“எங்க வீட்ல தண்ணி நின்னுபோச்சு, லெம்பி. சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சு முடிச்சுடு.”

சிரித்து முடித்துவிட்டு, வெந்நீர் வாளியும் துண்டுமாகப் போனேன். வெடிப்பதற்குள் இளக்கிவிட்டேன். பிறகு எதிர் வீடு, அதற்கடுத்த வீடு. வியாழன் மின்சாரம் வரும்வரை தெருவே நம் சௌனாவில்தான் முறை வைத்துக் குளிர் காய்ந்தது. என் ஏலக்காய் ரொட்டி ஒரு துண்டு மிஞ்சவில்லை. கிளம்பும்போது ரண்டாலா எல்லாரும் கேட்கச் சொன்னார்: “அடுத்த குளிருக்கு எங்க குழாய்க்கும் நீதான் துணி தச்சுத் தரணும்.”

இன்னொன்று சொல்ல வேண்டும், அண்ணா. நான் வீட்டிலேயே இருந்தேன், எல்லாம் சரியாகச் செய்தேன், அப்படியும் தாரை என் கண் முன்னால் நின்றது. அன்று நான் பேசியது பேசக்கூடாத பேச்சு. இந்த ஞாயிறு சர்ச்சில், காபி மேசையில், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று அதைச் சொன்னேன். அங்கே பேசியதை அங்கேயே திருப்பி எடுக்க வேண்டும் அல்லவா?

உன் தங்கை,
லெம்பி

டூசான்
ஜனவரி 29

அன்புத் தங்கைக்கு,

தபால் பெட்டியருகே நின்றபடியே படித்தேன், இரண்டு தடவை. பக்கத்து வீட்டுக்காரி, “ஏதாவது கெட்ட சேதியா?” என்று கேட்டாள். “எந்தங்கச்சி ஜெயிச்சுட்டா” என்று மட்டும் சொல்ல முடிந்தது.

சௌனாக் கதவைத் திறந்துவிடும் யோசனை எனக்குச் சத்தியமாகத் தோன்றியிருக்காது. வீடு விற்பனைக்கில்லை என்று வக்கீலுக்கு எழுதிவிட்டேன்.

பிப்ரவரி பதினான்காம் தேதி டுலூத் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறேன். குழாய் பார்க்க வரவில்லை, அது உன் இலாகா. என்னை அழைக்க வரும்போது யாருடையதாவது ஒரு குளிர்கோட்டைக் கொண்டு வா. என்னிடம் இருப்பதெல்லாம் அரைக்கைச் சட்டைதான்.

உன் அண்ணன்,
ஊர்ஹோ