இலக்கம் 17/3இல் குடியிருப்பவர்கள்

ஓகஸ்ட் 20, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டுவிட்டு மகள் டெலிஷியாவைக் கூட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனோம். கொலிஜில் முதலாம் தரத்துக்கு; பக்கத்தில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம். எங்கள் வாசலில் நின்று கூப்பிட்டால் கொலிஜ் காவலாளிக்குக் கேட்கும், அவ்வளவு தூரம்தான். கொட்டாஞ்சேனையில் பிறந்து, இதே ஒழுங்கையில் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். என் பிள்ளைக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கப் போகிறது என்ற திமிரோடுதான் போனேன். என் மனுசன் கிளறன்ஸ் துறைமுகத்தில் வேலை முடித்து நேரே வந்திருந்தார், கண் சிவந்து.

மேசையில் ஐந்து பேர். நடுவில் இருந்தவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "உங்கட வீட்டில எத்தினை பேர்?" என்றார்.

"மூண்டு பேர் சேர். மேல் மாடியில வீட்டுக்கார அன்ரி ஒராள்."

"வாக்காளர் இடாப்பில பதினொரு பேர் இருக்கினம். இந்த வருசம் அந்த ஒரு வீட்டிலயிருந்து நாலு பிள்ளையள் விண்ணப்பிச்சிருக்கினம்."

பதினொரு பேரா? எங்களுக்கு ஒரு ஹோல், ஒரு அறை, ஒரு குசினி. பதினொரு பேர் படுப்பதென்றால் பாதிப் பேர் அலுமாரிக்குள் படுக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். கிளறன்ஸ் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

பிறகு வாடகை உறுதிப் பத்திரம் பதிந்திருக்கிறதா என்று கேட்டார்கள். வீட்டுக்கார மேபல் அன்ரி வருடா வருடம் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். மற்ற மூன்று குடும்பமும் நொத்தாரிசு முத்திரையோடு பதிந்த உறுதி கொடுத்திருக்கிறார்களாம். அதாவது, அந்த வீட்டில் இருப்பவளிடம் கடதாசி இல்லை. இல்லாதவர்களிடம் கட்டுக் கட்டாக இருக்கிறது.

ஓகஸ்ட் 23

கிராம சேவகரின் கந்தோருக்குப் போய் இடாப்பைப் பார்த்தேன். 17/3. மேபல் அன்ரி, கிளறன்ஸ், நான். அதற்குக் கீழே எட்டுப் பெயர். ஒருவரையும் கண்டதில்லை. என்னோடு ஒரே கூரையின் கீழ் மூன்று வருடமாக இருக்கிறார்களாம்.

வீட்டுக்கு வந்து நேரே மேலே ஏறினேன். மேபல் அன்ரி புது ஏசியைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஜூனில் வந்த ஏசி. கனடாவிலிருந்து மகன் அனுப்பினான் என்று அன்றைக்குச் சொன்னார். நானும் நம்பினேன்.

"அது சும்மா பேர் மட்டும்தானே மெற்றில்டா. பேர் வந்து உன்ர சோத்தையா தின்னுது?"

"என்ர பிள்ளையின்ர இடத்தைத் தின்னுது அன்ரி."

"சத்தம் போடாதை. ஏசி போட்டிருக்கு, கதவைச் சாத்திப்போட்டுப் போ."

சாத்திவிட்டுத்தான் வந்தேன். கொஞ்சம் பலமாக.

ஒக்ரோபர் 8

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். டெலிஷியாவின் பெயர் இல்லை.

17/3 முகவரியில் மூன்று பிள்ளைகள் எடுபட்டிருக்கிறார்கள். மூன்று. என்ர வீட்டு இலக்கம், என்ர வாசல், நான் கூட்டுற முற்றம் — அதுக்கு மூண்டு இடம் குடுத்திருக்கினம், எனக்கு ஒண்டும் இல்லை. இது என்ன நியாயம்? ஆரிட்டப் போய்க் கேக்கிறது?

எதிர்வீட்டு வெள்ளையம்மாவும் பலகைக்கு முன்னால் நின்றாள். ஒழுங்கை முழுவதற்கும் காலையில் இடியாப்பம் கொடுப்பவள். அவளுடைய மகள் காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவது. "ரெண்டு பேரு வராமப் போனா நமக்குக் கெடைக்கும்க்கா" என்றாள். பாவி, அவ்வளவு சந்தோசமாகச் சொன்னாள்.

ஒக்ரோபர் 9

வேலைக்குப் போனேன். வந்தேன். சமைத்தேன். உப்புப் போட மறந்தேன். எல்லாரும் அப்படியே சாப்பிட்டார்கள்.

ஒக்ரோபர் 12

பட்டியலைப் பற்றி ஆட்சேபனை இருந்தால் இரண்டு வாரத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அந்தப் பலகையிலேயே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. மொட்டைக் கடிதம் எடுக்க மாட்டார்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் வேண்டும்.

கிளறன்ஸ் சாப்பிட்ட கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார். "மேபல் அன்ரிக்குத் தெரிஞ்சா வீடும் போயிடும். வேற கொலிஜ் பாப்பம். பேசாம விடும்."

அவர் சொல்வதிலும் பிழையில்லை. இந்த வாடகைக்கு இந்தப் பக்கத்தில் ஒரு கோழிக்கூடு கூடக் கிடைக்காது. ஆனால் டெலிஷியா தினமும் பின்னேரம் கேற்றைப் பிடித்துக்கொண்டு கொலிஜ் விடுகிற மணியைக் கேட்கிறாள். அடுத்த வருடம் தானும் அந்த மணிக்குத்தான் வீட்டுக்கு வருவாளாம். அவளிடம் யார் போய்ச் சொல்வது? வீட்டுக்காரி ஏசி வாங்கினதால் நீ போக முடியாது மகள் என்றா?

எழுதினேன். கப்பல் கந்தோரில் பதினொரு வருடமாகக் கடிதம் அடிக்கிறவள் நான். என்னிடமா? ஒரு பக்கம், ஏழு பந்தி, ஒரு கெட்ட வார்த்தை இல்லை.

ஒக்ரோபர் 14

கொலிஜ் கந்தோரில் கையால் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய கிளார்க் என் முகவரியை இரண்டு தரம் பார்த்தார். "மிஸ், இது உங்கட சொந்த முகவரிக்கு எதிராவே எழுதியிருக்கிறீங்க."

"ஓம். சரியாத்தான் எழுதியிருக்கிறன்" என்றேன்.

ஒக்ரோபர் 19

இன்றைக்கு என் வீட்டில் "குடியிருக்கும்" ஆள் ஒருவரை முதன்முதலாகச் சந்தித்தேன். பெயர் றொஹான். வெள்ளவத்தையில் இரண்டு துணிக்கடை, கல்கிசையில் கடல் பார்த்த ஃப்ளாட். மகளின் பெயர் கியாராவாம். பெரிய சொக்லட் பெட்டியோடு வந்தார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். அந்தோனியாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடிதம் கொடுத்து ஐந்து நாள்தான். எழுதியது யார் என்பது இரகசியமாக இருக்கும் என்று கொலிஜில் சொன்னார்கள்.

"சிஸ்டர், நாங்க மேல வரைக்கும் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாச்சு. நீங்க அந்தக் கடிதத்தை மட்டும் வாபஸ் எடுங்க. உங்கட பிள்ளையை நல்ல இன்டர்நேஷனல் ஸ்கூலில போட்டு ஃபீஸ் நான் கட்டுறன்."

ஒரு நிமிடம் — ஒரு முழு நிமிடம் — ஆசைப்பட்டேன். இதை எழுதத்தான் வேண்டும். நீலக் கோட், வான், ஆங்கிலம் எல்லாம் கண்ணுக்குள் வந்து போனது.

பிறகு, "அவ்வளவு நல்ல ஸ்கூல் எண்டா உங்கட பிள்ளையை அங்க போடுங்க" என்றேன்.

றொஹான் எழும்பி வெளியே நடந்தார். கிளறன்ஸ் சிரித்தார். இந்த ஒக்ரோபரில் அவர் சிரித்தது இன்றைக்குத்தான். சொக்லட் பெட்டியோடு றொஹானுக்குப் பின்னாலேயே ஓடிப்போய், அதைக் காருக்குள் வைத்துவிட்டு வந்தார்.

நவெம்பர் 6

கொலிஜிலிருந்து வீடுகளைத் திடீரென்று வந்து சோதிப்பார்களாம். திடீர் எப்போது என்று மேபல் அன்ரிக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

மாடிப்படியில் நின்றபடியே சொன்னார். "நாளைக்குப் பின்னேரம் நீங்கள் மூண்டு பேரும் ஹெந்தளையில அக்கா வீட்ட போய் இருந்திட்டு வாங்கோ. வீட்டுத் திறப்பை என்னட்டத் தா. அந்த ஆக்கள் வந்து ஒரு மணித்தியாலம் கீழ இருப்பினம், அவ்வளவுதான். வாய் திறந்தியோ, மாசக் கடைசியில சாமானைக் கட்டு."

"சரி அன்ரி" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் நான் இவ்வளவு சுருக்கமாக அவருக்குப் பதில் சொன்னதில்லை.

நவெம்பர் 7

விடியும் வரை பொறுக்க முடியாது, இப்போதே எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

நாலரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, மேபல் அன்ரி பார்க்கும்படி டெலிஷியாவோடு ஒழுங்கை முனைவரை நடந்தேன். பிறகு பின்பக்கத்தால் சுற்றி வெள்ளையம்மா வீட்டுக்குள் புகுந்தேன். அவளுடைய ஜன்னலிலிருந்து என் வாசல் நேரே தெரியும்.

ஐந்து மணிக்கு றொஹானின் கார் வந்தது. மனைவி நிலூஷா, மகள் கியாரா, சாமான் தூக்க ட்ரைவர். ஹோல் ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் பார்த்தேன். என் கலியாணப் படத்தைக் கழற்றி அதே ஆணியில் தங்கள் படத்தைக் கொழுவினார்கள். இயேசுவின் திரு இருதயப் படத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். அவர் இரண்டு வீட்டுக்கும் பொது என்று நினைத்திருப்பார்கள். என் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்து பார்த்தாள் நிலூஷா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளையம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொறுங்கக்கா, ஆபீசருங்க வரட்டும்" என்றாள்.

ஆறேகாலுக்கு மூன்று பேர் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு ரீச்சர், கல்விக் கந்தோரிலிருந்து சிங்கள மாத்தையா ஒருவர், கோப்பு தூக்கும் இன்னொருவர். மழை இருட்டு வேறு. நான் டெலிஷியாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தேன். கேற்றடியில் கிளறன்ஸ் நின்றார். வேலையிலிருந்து அரை மணித்தியாலம் முன்னதாக வந்திருக்கிறார். வருகிறேன் என்று என்னிடம் சொல்லவே இல்லை.

உள்ளே போனால் ஹோல் இருட்டு. மாத்தையாவுக்குக் கோப்பு வாசிக்க முடியவில்லை. "லைட் எக்க தான்ன" என்று நிலூஷாவிடம் லைட்டைப் போடச் சொன்னார்.

நிலூஷா வாசல் பக்கத்து சுவிச்சைப் போட்டாள். காற்றாடி சுற்றியது. அடுத்ததைப் போட்டாள். வெளி லைட் எரிந்தது. மூன்றாவது மேபல் அன்ரியின் பெல். மேலே அடித்தது. "கரண்டில ஏதோ பிழை" என்றார் றொஹான்.

ரீச்சர் என்னைக் கண்டார். "நீங்க ஆர்?"

நான் வாய் திறக்க முதலே றொஹான், "மேல் வீட்டு அன்ரிக்கு வேலை செய்ய வாற ஆக்கள் மிஸ்" என்றார்.

வேலைக்காரி. என்ர வீட்டுக்குள்ள நிண்டு என்னை வேலைக்காரி எண்டான். வேலை செய்யிறது குறைவில்லை, என்ர அம்மாவும் நாலு வீட்டில வேலை செய்துதான் என்னைப் படிப்பிச்சவ. ஆனா அவன் அதைச் சொன்ன விதம்.

நான் கத்தப் போகிறேன் என்று கிளறன்ஸுக்குத் தெரிந்துவிட்டது. அவர்தான் முந்தினார். என் மனுசன், சண்டை என்றால் நாலு வீடு தள்ளி நடக்கிறவர், தெளிவாகச் சொன்னார். "இது எங்கட வீடு மிஸ். ஒன்பது வருசமா இருக்கிறம்."

"எங்களிட்டப் பதிஞ்ச உறுதி இருக்கு" என்றார் றொஹான்.

ரீச்சர் இரண்டு பக்கமும் பார்த்தார். அந்த நேரத்தில்தான் டெலிஷியா என் கையை உதறிவிட்டு ஓடினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மாதா அறிய. அறைக்குள் போய், அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டு, ஹோல் லைட்டைப் போட்டாள். மேபல் அன்ரியின் புருஷன் ஒரு வீட்டை இரண்டாக மறித்தபோது அந்த சுவிச் மட்டும் அறைக்குள் மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு பின்னேரமும் அதைப் போடுவது டெலிஷியாதான். அந்த இடுக்குக்குள் அவளுடைய கைதான் போகும்.

வெளிச்சம் வந்தது. எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள்.

ரீச்சர் குனிந்து, "உங்களுக்கு எப்பிடித் தெரியும் மகள்?" என்றார்.

"இது எங்கட லைட்" என்றாள் டெலிஷியா. பிறகு சுவரைப் பார்த்து, "அம்மா, எங்கட படத்தில வேற ஆக்கள் நிக்கினம்" என்றாள்.

கோப்பு தூக்கியவர் சிரித்துவிட்டார். மாத்தையா சிரிக்கவில்லை. அலுமாரியைத் திறக்கச் சொன்னார், குசினியைப் பார்த்தார், குளியலறையில் மூன்று பல் தூரிகையை எண்ணினார். பிறகு மேல் மாடிக்கு ஏறினார், இடாப்பில் உள்ள மற்ற இரண்டு குடும்பமும் அங்கே இருக்கிறதா என்று பார்க்க. ரீச்சர் என் மேசையில் இருந்து நீண்ட நேரம் எழுதினார். நான் அவருக்குத் தேத்தண்ணி போட்டேன். என் குசினியில், என் கோப்பையில். போடும்போது அழுதேன், சந்தோசத்தில்தான், வேறொன்றுமில்லை.

நவெம்பர் 9

மேபல் அன்ரி கடதாசி அனுப்பிவிட்டார். டிசெம்பர் முடிய வீட்டை விட வேண்டும். கையால் கூடத் தரவில்லை, கதவுக்குக் கீழே தள்ளியிருந்தார்.

கிளறன்ஸ் வாசித்து மடித்து வைத்துவிட்டு, "சரி, வீடு பாப்பம்" என்றார். ஒரு மாதம் முன்னால் இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தோம்.

டிசெம்பர் 10

முடிவான பட்டியல். 112. டெலிஷியா. என் விரலை அந்தப் பெயரில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர்கள் தள்ளத் தள்ள எடுக்கவே இல்லை.

17/3இல் உண்மையில் இருப்பது நாங்கள்தான் என்று முடிவெடுத்து, அந்த இலக்கத்தில் முதல் எடுபட்ட மூன்றையும் வெட்டிவிட்டார்கள். சோதனைக்காரர்கள் அதோடு விடாமல் எங்கள் ஒழுங்கை முழுக்கப் போயிருக்கிறார்கள். இன்னும் ஆறு வெட்டு. காத்திருப்போர் பட்டியல் மளமளவென்று மேலே ஏறியிருக்கிறது. வெள்ளையம்மாவின் மகள் 115. அவள் என்னைக் கட்டிப்பிடித்த பிடியில் என் மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டது. அதின்ர கால் ஒன்று கழன்றுபோச்சு. பரவாயில்லை.

கந்தோருக்குப் பிந்தித்தான் போனேன். பெரியவர் ஏன் என்று கேட்டார். முழுக் கதையும் சொன்னேன். பாதியில் நிறுத்தச் சொன்னார், நான் நிறுத்தவில்லை.

டிசெம்பர் 28

மாறிவிட்டோம். ஒழுங்கையின் மறு முனை, இரும்புக் கடைக்கு மேலே இரண்டு அறை. சின்னது, வெயில் அடிக்கும். ஆனால் உறுதியை நொத்தாரிசிடம் போய்ப் பதிந்தோம். என் பெயரிலும்.

ஜனவரி 30

முதல் நாள். டெலிஷியா ஐந்து மணிக்கே எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் பாண் தின்றாள்.

கீழே இறங்கினால் வெள்ளையம்மா மகளோடு நிற்கிறாள், இடியாப்ப வியாபாரத்தை ஒரு நாள் மூடிவிட்டு. இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார்கள், அந்த வெட்டில் மேலே வந்தவர்கள். ஒருவருக்கும் வான் தேவைப்படவில்லை. நாலு வெள்ளைச் சட்டை, ஒழுங்கை முழுவதும் கையைக் கோத்துக்கொண்டு போனதில் ஒரு முச்சக்கரவண்டி பின்னால் நின்று நின்று வந்தது. அவனும் ஹோன் அடிக்கவில்லை.

17/3ஐத் தாண்டித்தான் போக வேண்டும். மேபல் அன்ரி பல்கனியில் நின்றார். மேலே பார்க்கக் கூடாது, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று முதலே தீர்மானித்திருந்தேன்.

பார்த்தேன். கழுத்து நோகும் மட்டும் நின்று பார்த்தேன்.