சின்னக்கடை வீதியில் சேர்ந்து நடப்பவர்கள்

சின்னக்கடை வீதி, திருச்சி
18.2.2025

அன்பு மகள் இளவேனிலுக்கு,

அம்மா நலம். ஃபோனில் என்னைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். தீபாவளிக் கூட்டத்தில் மெயின்கார்டு கேட் பக்கம் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன் என்று சொன்னதிலிருந்து, எனக்குத் தில்லை நகரில் ஃபிளாட் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அன்று என்னை வீடுவரை கொண்டுவந்து விட்டது யாரென்று கேட்கவேயில்லை.

அவர் பெயர் ஆசீர். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. அந்தத் தீபாவளிக்குப் பிறகு பல நாள் காலையில், கடைகளுக்குச் சரக்கு வண்டி வருமுன், இருவரும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறோம். போன வாரம் பூக்கடை ஓரமாக நின்று, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் மறைக்க மனமில்லை.

அம்மா

புனே
2.3.2025

அம்மா,

கடிதம் வந்தது. அப்பா என்னை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக் கூட்டிப்போன தெரு அது. அங்கே எல்லாக் கடைக்காரர்களுக்கும் அவரைத் தெரியும். அதே தெருவில் இன்னொருவரோடு உன்னால் எப்படி நடக்க முடிகிறது? தனியாக இருக்கப் பயமென்றால் இங்கே வந்துவிடு. இதற்கு மட்டும் என் சம்மதம் கேட்காதே.

இளவேனில்

திருச்சி
10.3.2025

இளவேனில் கண்ணு,

எனக்குப் பயமில்லை. அப்பாவோடு நடந்த தெரு என்பதால்தான் இதைவிட்டு வர மனமில்லை. ஆனால் அவர் போனபின் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இதே தெருவில் போய்வந்திருக்கிறேன். அது உனக்குத் தெரியாது. கீழே வளையல் கடை வைத்திருக்கும் லிசி போன மாதம், "அக்கா, நீங்க சிரிக்கிற சத்தம் மாடியில கேட்டுச்சு. யாரோ விருந்தாளின்னு நெனச்சேன்" என்றாள்.

ஆசீரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். அவர் சர்ச்சுக்குப் போவார், நான் மாணிக்க விநாயகரைப் பார்க்கப் போவேன். அதில் மாற்றமில்லை. அவர்தான் இங்கே குடிவருகிறார். கூடத்தில் அப்பா படத்தைப் பார்த்து, "சார் போட்டோ அங்கயே இருக்கட்டுங்க" என்றார்.

சித்திரையில் பதிவுத் திருமணம். வந்தால் சந்தோஷப்படுவேன். வராவிட்டாலும் உன்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

அம்மா

புனே
6.4.2025

ஆசீர் சாருக்கு,

வணக்கம். அம்மாவின் முகவரிக்கே இதை அனுப்புகிறேன். அவள் பிரித்துப் படித்துவிடுவாள் என்று தெரியும். படிக்கட்டும்.

அம்மாவுக்குக் கோபம் வந்தால் பேசமாட்டாள், பாத்திரம் தேய்க்கிற சத்தம்தான் கூடும். அப்போது எதுவும் கேட்காமல் காபி போட்டுக் கொடுத்துவிடுங்கள். அப்பா அப்படித்தான் செய்வார்.

உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இருபத்தாறாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். ஜங்ஷனுக்கு அம்மா வர வேண்டாம், நீங்கள் வாருங்கள். வீடு வந்து சேரும்வரை பேசிக்கொண்டு வரலாம்.

இளவேனில்