பட்டத்துச் சர்வரின் உடல்நலம் குறித்த திருமுகம்

மழையும் மன்னர் புகழும் ஓயாது பொழியும் கார்வள நாட்டில், நூற்றெட்டுப் பட்டங்கள் உடையவரும் அவற்றுள் நூற்றேழின் பொருளைக் கேட்டறிய நேரமில்லாதவருமாகிய மேகவேந்தப் பெருமானின் திருவடி நிழலிலிருந்து, ஓலைநாயகம் பல்லவதரையன் முகில்வாயில் காவலர் ஏறன் நம்பிக்கு எழுதுவது. உமக்கும் உம் வாயிலுக்கும் நன்மை உண்டாகுக.

நீர் விடுத்த மூன்று ஓலைகளும் கண்டோம். செய்தி ஒன்று, கோபம் மூன்று வகை. வெள்ளம் சூழ்ந்த நடுத்திட்டில் நாற்பது குடிகள் கூரைமேல் இருப்பதும், உம் தமக்கை நாச்சி அவர்களோடு இருப்பதும், அவர்கள் ஓடம் கேட்டு அரசுச் செயலியை விரல் தேயத் தட்டுவதும், துறையில் எண்பது ஓடங்கள் அச்செயலி வழி வரவேண்டிய ஆணை வராமல் கட்டிக் கிடப்பதும் அறிந்தோம். "ஆணை இல்லாம அவுத்தா எங்க தலை போவும், அவுக்கலேன்னா அவுக தலை போவும். எதுன்னு சொல்லுங்க சாமி" என்று ஓடத்தலைவன் கேட்டதையும் எழுதியிருந்தீர்.

காரணத்தை நீர் எழுதியபடியே அவையில் படித்தோம். மேகத்தில் நமக்குள்ள சர்வர்கள் எட்டு. வாயிலில் நிற்கும் லோட் பேலன்சர் நொடிக்கொருமுறை ஒவ்வொன்றையும் நலம் விசாரித்து, நலமாயிருப்பவற்றுள் சுமை குறைந்ததற்கு அடுத்த அழைப்பை அனுப்பும். மன்னர் பெயர் தாங்கிய பட்டத்துச் சர்வர் மூன்று நாள் முன்னரே மாண்டது. ஆயினும் மன்னர் பெயருடைய எதையும் நலமின்றி உள்ளதென்று சொல்லலாகாது என்பது நம் சட்டமாகையால், அதன் சார்பில் 'நலம்' என்னும் விடை தானே போகும்படி முன்பே எழுதி வைத்தோம். செத்ததற்குச் சுமை ஏது? ஆகவே எல்லா அழைப்பும் அதனிடமே போகின்றன. மற்ற ஏழும் ஈயோட்டுகின்றன.

அதை வரிசையிலிருந்து நீக்க நீர் வேண்டியதைச் சொன்னோம். அவை திடுக்கிட்டது. வரிசையினின்று நீக்குதல் அரியணையினின்று இறக்குதலுக்கு ஒப்பென்றார் புரோகிதர். சேனாபதி வாளில் கை வைத்தார், உருவவில்லை, துருவேறியிருந்தது. மன்னர் நெடுநேரம் சிந்தித்து, ஏனைய ஏழும் சோம்பிக் கிடப்பது தம் பெயர் இல்லாத குறையாலேயே என்று கண்டருளினார். நாம் மறுத்திருக்கலாம். மறுத்தவரின் இருக்கை நமக்கு வலப்புறம் காலியாகவே இருக்கிறது.

ஆகவே ஆணையாவது: பொழுது சாய்வதற்குள் ஏழு சர்வர்களுக்கும் மன்னர் பெயர் சூட்டுக. எட்டும் இனி என்றும் நலமாயிருக்கும்.

நாச்சியின் நிலை அறிந்து சொல்லும்படி கடைசி ஓலையின் ஓரத்தில் கெஞ்சியிருந்தீர். நாமே செயலியைத் திறந்து கேட்டோம். கேட்டு முடிப்பதற்குள் பட்டத்துச் சர்வரிடமிருந்து விடை வந்தது: நலம்.

இவ்விடையை உம் தாயார்க்கு உரக்கப் படித்துக் காட்டுக. இதுவும் ஆணை. இவை பல்லவதரையன் எழுத்து; மன்னர் முத்திரை இட்டது.