கடைசிப் பாட்டில் அண்ணன் பெயர்

அன்புள்ள மைனிக்கு,

பிள்ளைகள் சுகமா? குளச்சலில் விடாத மழை என்று அம்மா சொன்னாள்.

இசைக்குழுவை விட்டு நான் தனியாகப் பாடிய முதல் ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளிவருகிறது. இத்தனை வருடம் டிரம்ஸ் சத்தத்துக்கு மேலே கத்திப் பாடியவளுக்கு, ஒற்றை கிட்டாரோடு பாடுவதே நடுக்கம். அதைவிடக் கடைசிப் பாட்டை நினைத்தால் தூக்கம் வரவில்லை. அது அண்ணனைப் பற்றியது.

பாடி முடிக்கும்போது, என்னை அறியாமல் அவன் பெயரைச் சொல்லி, இறந்தவர்களுக்கான 'நித்திய இளைப்பாற்றி' ஜெபத்தையும் பாடிவிட்டேன். ஸ்டுடியோவில் எல்லோரும் அழுதார்கள். அப்படியே இருக்கட்டும் என்கிறார்கள்.

அண்ணன் மீன்பிடிக்கப் போன வள்ளம் திரும்பாதபோது, அவன் ஆன்மாவுக்குக் கோயிலில் பூசை வைக்கலாமா என்று கேட்ட என்னிடம் நீங்கள் சொன்னீர்கள்: "ஏட்டி, சாவாத மனுசனுக்கு எவளாவது பூசை வைப்பாளா? ஒங்க அண்ணன் வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவ?"

இன்றும் அந்தி ஜெபத்தில் கடலுக்குப் போனவர்களோடு சேர்த்துத்தான் அவன் பெயரைச் சொல்கிறீர்கள். நான் அதை ஊர் கேட்க இறந்தவர்களோடு சேர்த்துவிட்டேன்.

நேற்று ஜெபம் இல்லாமல் மறுபடி பாடினேன். இரண்டையும் அனுப்புகிறேன். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். நீங்கள் வேண்டாம் என்பது வெளியே வராது.

அண்ணன் இல்லை என்று நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன், மைனி. நேற்று பாடும்போது, இதைக் கேட்டால் என்ன சொல்வான் என்று யோசித்துக்கொண்டே பாடினேன். அதிலிருந்து, வாசலில் யார் கூப்பிட்டாலும் ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

உங்கள் நாத்தனார்