கயிற்றேணியில் இலக்கணம்

சோப்புப் போட்டுக் கழுவியும் உள்ளங்கையில் அந்த ஈரக் கயிற்றின் வாடை போகவில்லை. இன்று நீ இல்லாமல் முதல் தடவையாகக் கப்பலேறினேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? வீட்டில் சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள்.

உனக்குத் தெரியும், எனக்குக் கடலில் பயமில்லை, கயிற்றேணியில்தான் பயம். வெளிக்கடலில் நிற்கும் கப்பலுக்குக் காகிதங்களோடு லாஞ்ச் என்கிற மோட்டார் படகில் போவது நம் கப்பல் ஏஜென்சி வேலை. லாஞ்ச் அலையில் உயரும்போதே ஏணியைப் பற்றிவிட வேண்டும். தாழ்ந்திருக்கும்போது பற்றினால் அடுத்த அலையில் லாஞ்ச் மேலே வந்து காலை நசுக்கிவிடும். அதற்கப்புறம் மூன்று மாடி உயரத்துக்கு ஆடும் படிகள். பாதி வழியில் எனக்குக் கை பூட்டிக்கொள்ளும்.

அப்படிப் பூட்டிக்கொண்ட ஒரு நாளில்தான் நீ அந்த விளையாட்டைத் தொடங்கினாய். ஸ்பானிஷ் பேசும் பெரு நாட்டு மாலுமிகளின் கப்பல் அது. முன்னால் ஏறிப் போயிருந்த நீ மேலே கம்பியில் சாய்ந்துகொண்டு கத்தினாய். “ஏலே, இங்கன ஒருத்தன் ‘ஐ ஹாவ் தர்ட்டி இயர்ஸ்’னு சொல்லுதான். என்ன தப்பு, சொல்லு!” முப்பது வயது என்பதற்கு, முப்பது வருஷம் வைத்திருக்கிறேன் என்கிறான். ஆங்கில இலக்கியம் படித்த திமிர் எனக்கு. தப்பைக் கேட்டால் பொறுக்காது. “‘ஐ ஆம்’னு சொல்லணும்லே!” என்று கத்தினேன். கத்தும்போதே ஒரு படி ஏறியிருந்தேன்.

அதிலிருந்து அவர்களுடைய தப்புகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, எந்த நாட்டுக் கப்பலானாலும் அவற்றையே கேட்டாய். ‘பீப்பிள் இஸ் குட்’. ‘ஐ டோன்ட் நோ நத்திங்’. பெண்டாட்டியைப் பற்றிப் பேசும்போதும் ‘ஹீ’. ஒரு தடவை ‘இஸ் ரெய்னிங்’ என்றாய். முன்னால் ஒரு ‘இட்’ வேண்டும் என்றேன். “மழைக்கு எதுக்குலே இட்டு? நாமளும் மழை பெய்யுதுன்னுதான சொல்லுதோம். எது பெய்யுதுன்னு எவனாவது கேட்டானா?” ஏணியில் தொங்கிக்கொண்டே உன்னோடு சண்டை பிடித்தேன். மேலே வந்த பிறகுதான் நான் மழையில் நனைந்திருப்பது தெரிந்தது.

கார்த்திகையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த நீ அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அதன் பிறகு ஏணிக் கப்பல்களையெல்லாம் சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தேன். நேற்று மேனேஜர் கூப்பிட்டு, “ஏற முடியுமா முடியாதா, ஒரு முடிவாச் சொல்லும். நான் வேற ஆளப் பாக்கணும்லா” என்றார்.

இன்று மேற்கிலிருந்து கச்சான் காற்று வேறு பலமாக வீசியது. காகிதப் பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். லாஞ்ச் ஓட்டும் அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டார். “பயமா இருக்கோ தம்பி? உம்ம கூட்டாளிக்கும் அப்படித்தான். ஏறுறதுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் என் கையப் பிடிப்பாரு. ஐஸு மாதிரி இருக்கும்.” நீயா? அந்த நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன், எனக்கெப்படித் தெரியும்? என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஏறினேன். மேலேயிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. பாதியில் கை பூட்டியது. நீ கேட்ட ஒரு வாக்கியமாவது ஞாபகத்துக்கு வரவேண்டுமே! ‘ஆண்டவரே, ஆண்டவரே’ என்பது மட்டும்தான் வாயில் வந்தது. காற்று ஏணியைத் திருப்பி என் முழங்கையைக் கப்பலின் இரும்பில் அடித்தது. வெட்கமில்லாமல் அழுதேன். எப்படி ஏறி முடித்தேன் என்று தெரியாது. கடைசியில் ஒரு மாலுமி என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான்.

மூச்சு வந்ததும், நீ சாய்வதுபோலக் கம்பியில் சாய்ந்து கீழே பார்த்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அங்கிருந்து நான் கீழே பார்த்ததில்லை. ஏணி ஒரு நூலாகத் தொங்கியது. அதன் அடியில் லாஞ்ச் கப்பலில் மோதி மோதி விலகியது. ஏணியில் நிற்பதைவிட அது மோசம். கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கை ஐஸாகிப்போகும் அளவுக்குப் பயந்தவன் இதையா எனக்காக ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாய்? ஒரு நாளாவது உன் குரல் நடுங்கியதுண்டா?

வெள்ளிக்கிழமை அடுத்த கப்பல். பயம் ஒரு துளியும் குறையவில்லை. போகிறேன்லே.