பொடிப்பூதம் மாட்டேன் என்றது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தம்பியும் சுகம், என் தையல் மெஷினுக்குத்தான் உடம்பு சரியில்லை, பெல்ட் தளர்ந்து இழுத்துக்கொண்டு கிடக்கிறது. உன் ஜலதோஷம் விட்டதா? போனில் பேசலாம் என்றால் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ இருபது சொல்லிவிடுவாய், அதனால்தான் கடிதம், கடைசிவரை படி.

போன சனிக்கிழமை நூலகத்துப் பிள்ளைகள் அறையில், நம் கதை நாடகத்தில் நடந்ததை உனக்கு யார் எப்படிச் சொன்னார்களோ, நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். வழக்கம்போல மந்திரக்காரி அக்காவாக உன் பதிவுக் குரல் ஸ்பீக்கரில், அவளுடைய எடுபிடித் தம்பி பொடிப்பூதமாக உன் தம்பி மைக்கில், இடிச் சத்தத்துக்கும் மழைச் சத்தத்துக்கும் தகரத்தோடு நான். வழி தவறி வந்த ராட்சசக் குழந்தையைக் குடுவைக்குள் அடைத்து மூடச் சொல்லி மந்திரக்காரி உத்தரவு போட்டாள். "ஆகட்டும் அக்கா" என்று அவன் சொல்ல வேண்டும், உடனே நான் இடி இடிக்க வேண்டும், நீ எழுதியது அதுதான். அவன் தாளைப் பார்த்தான், முன்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்தான், "மா... மாட்டேன்க்கா, அது பாவம், வீட்டுக்குப் போகட்டும்" என்றான். ஸ்பீக்கரில் இருந்த உன் குரலுக்கு இதெல்லாம் எங்கே தெரியும், "சபாஷ் பூதமே, சொன்னதைச் செய்தாய்" என்று அது பாட்டுக்குப் பாராட்டியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதுதான் உனக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது. அதற்காக, நீ எழுதி அனுப்பிய அடுத்த கதையில் பொடிப்பூதத்தையே குடுவையில் அடைத்துக் கடலில் வீசுவதா? எழுதியபடி படிக்காவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று கீழே ஒரு வரி வேறு. அதைப் படித்துவிட்டு அவன் அன்று சாப்பிட உட்காரவே இல்லை.

நீ அவனுக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. பேச்சு திக்குகிறது என்று சின்ன வயதில் வகுப்பில் வாயே திறக்காமல் இருந்தவனுக்கு ஒவ்வொரு வசனத்தையும் நீயே முதலில் பேசிப் பதிவு செய்து கொடுத்தாய், நீ மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டுத்தான் அவன் திக்காமல் பேசப் பழகினான். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் போன வருஷம் நீ நடுவில் தும்மியதையும் வசனம் என்று நினைத்து அவனும் மைக்கில் தும்மினானே, அன்று வயிறு வலிக்கச் சிரித்தாலும் எனக்கு உள்ளே பயமாக இருந்தது. நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டுகிற ஆள், தும்முவதற்குக்கூட அக்காவைப் பார்க்கிறானே என்று. சனிக்கிழமை அவன் திக்கித்தான் பேசினான், ஆனால் அது அவனுடைய பேச்சு. எனக்குப் பெருமையாக இருந்தது. அதனால் நான் இடி இடிக்கவில்லை, தகரத்தைக் கீழே வைத்துவிட்டேன். கோபப்படுவதானால் என் மேலும் படு.

இனி அவன் தலையாட்ட மாட்டான், நீயும் அவனை விட மாட்டாய், இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும். இத்துடன் இருக்கும் இரண்டு தாளும் அடுத்த கதைக்கு அவன் எழுதியவை. பொடிப்பூதம் அந்தக் குழந்தையை அதன் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, அக்கா எதிரே நிற்கிறது. அதற்குக் கீழே முக்கால் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறான். மந்திரக்காரி என்ன சொல்கிறாள், ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அது அக்கா பேச வேண்டியது, நான் எப்படிம்மா எழுதுறது" என்றான். "எப்படிப் பேசணும்னு நீயும் அக்காவுக்குப் பேசி அனுப்பேன்" என்று சீண்டிப் பார்த்தேன். பஸ் சாவியை எடுத்துக்கொண்டே, "வேணாம்மா, அக்காவுக்குத் தெரியும்" என்றான்.

அந்த முக்கால் பக்கத்துக்கு உன் பதிவு வியாழக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும், தும்மல் வந்தால் நிறுத்திவிட்டுப் பேசு. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், அவரவர் குரலோடு நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தகரத்தோடு காத்திருக்கும்
அம்மா