மதில்மேல் பூங்கா

மார்ச் 6, வியாழன்

வியாழக்கிழமை வந்தால்தான் எனக்கு மூச்சு. நாத்தனார் ஃபோஸ்கா கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்து தன் தம்பி, என் கணவர் நேதோவின் கட்டிலருகே உட்காருவார். அவர் பையைக் கீழே வைப்பதற்குள் நான் படியிறங்கிவிடுவேன். நேராக மதிலுக்கு.

இந்த லூக்கா ஊரில் பிறந்தவர்களுக்குப் பூங்கா என்றால் மதில்தான். ஊரை வளைத்து நிற்கிற கோட்டை மதிலின் தலைமேல் மரங்கள், புல்தரை, பெஞ்சுகள், வாடகை சைக்கிளில் தள்ளாடும் வெளியூர்க்காரர்கள். நடந்துகொண்டே இருந்தால் ஏறின இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடும். சின்ன வயதில் அது வேடிக்கை. இன்றைக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு நடந்தும் எங்கேயும் போகவில்லையே.

கொத்தளத்துச் சீட்டு மேஜையிலிருந்து ஊகோ கூப்பிட்டார். நேதோவின் பழைய ஆட்டக் கூட்டாளி.

"ஏம்மா ஒர்னெல்லா, அவனை எப்பக் கூட்டிட்டு வரப் போற? அவன் திட்டு இல்லாம ஆட்டம் உப்புச்சப்பில்லாமக் கெடக்கு."

"மூணாவது மாடி, ஊகோ. றெக்கை முளைச்சதும் கூட்டிட்டு வர்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்?

மார்ச் 8

வெளியே போகவில்லை. நேற்றும்தான்.

மார்ச் 12

மாடிக்கு லிஃப்ட் வைக்கலாமா என்று பார்க்க ஒரு ஆள் வந்தார். கழுத்தில் டை, கையில் அளவு நாடா. படிக்கட்டைத் தடவித் தடவிப் பார்த்தார், குதிரை வாங்க வந்தவர் மாதிரி. "அம்மா, இந்தப் படிக்கு நானூறு வயசு. இதுல ஒரு ஆணிகூட அடிக்க விடமாட்டாங்க," என்றார். உள்ளே கிடக்கிற மனுஷனுக்கு அறுபத்தாறு வயசு என்றேன். வருத்தமாகத் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். அவருக்கு இறங்க முடிகிறது.

நேதோ எல்லாவற்றையும் படுக்கையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். ஊருக்கே முடிவெட்டின கை இப்போது போர்வைமேல் செத்த மீன் மாதிரி கிடக்கிறது. ஜனவரியில் மூளையில் ரத்தம் அடைத்து விழுந்ததிலிருந்து வலது பக்கம் வராது. வாயில் நாலைந்து சொல்தான் மிச்சம். இல்ல. தண்ணி. ஒர்னே. ஒர்னே என்றால் நான். நான் அடுப்படிக்குப் போனால் ஒர்னே. குளிக்கப் போனால் ஒர்னே. பதில் வராவிட்டால் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். தட்டிக்கொண்டே இருப்பார்.

மார்ச் 20, வியாழன்

இதை எங்காவது எழுதித்தான் ஆகவேண்டும்.

நான் கிளம்பும்போது ஃபோஸ்கா என் கன்னத்தைத் தட்டினார். "உன்னை மாதிரி ஒருத்தி கிடைக்க என் தம்பி என்ன புண்ணியம் பண்ணானோ." மாதா கோயில் வாசலில் எல்லாரும் இதையே சொல்கிறார்கள். பாராட்டப் பாராட்டக் கழுத்தில் கயிறு இறுகுகிறது.

நேதோ விழுவதற்கு முந்தின நாள் மாலை அவரிடம் சொல்லிவிட்டிருந்தேன். திங்கட்கிழமை போகிறேன், கடலோரத்து வியாரெஜ்ஜோவில் அறை பார்த்தாகிவிட்டது, சிநேகிதி லெத்ஸியாவின் திரைச்சீலைப் பட்டறையில் வேலையும் உண்டு என்று. கோபமாகச் சொல்லவில்லை. கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. முப்பத்திமூன்று வருஷமாக என்ன சமைப்பது, யார் வீட்டுக்குப் போவது, எந்த நிறத்தில் பாவாடை என்று எல்லாம் அவர் முடிவுதான். கையை நீட்டினவர் இல்லை. என்னைக் கேட்டவரும் இல்லை.

சிரித்தார். "எங்க போவ நீ? மதிலை ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்பி வருவ."

மறுநாள் காலை காபிக் கெண்டியோடு அடுப்படியில் விழுந்தார்.

அது அவருக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் சொன்னதால்தான் விழுந்தாரா? டாக்டரிடம் இதை எப்படிக் கேட்பது. ரத்த அழுத்தம் பல வருஷமாகவே அதிகம் என்றார் டாக்டர். சரி. ஆனாலும்.

இப்போது எப்படிப் போவேன்? படுக்கையில் கிடக்கிறவரை விட்டுவிட்டுப் போனவள் என்று சொல்ல இந்த ஊருக்கு ஒரு நாள் போதும். ஊர் கிடக்கட்டும். தண்ணி என்று கேட்கிறவரைப் பார்த்துக்கொண்டு போக என்னாலேயே முடியாது. அவ்வளவுதான். போகவும் முடியல, இருக்கவும் முடியல.

ஏப்ரல் 3

லெத்ஸியா போன் செய்தாள். அறையை வேறு ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம். "எவ்வளவு நாள்தான் பூட்டி வைப்பாங்க, சொல்லு," என்றாள். அவள் சொல்வது நியாயம். சரி என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு தோலுரித்தேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஃபோஸ்கா சோம்பும் திராட்சையும் போட்ட ரொட்டி கொண்டுவந்தார். நேதோ தட்டைத் தள்ளிவிட்டார். தட்டு உடைந்தது. "இல்ல, இல்ல, இல்ல." எது இல்லை என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. துண்டுகளைப் பொறுக்கினேன். தெருவில் எல்லாரும் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு மதிலுக்குப் போகிற சத்தம்.

மே 15, வியாழன்

ஃபோஸ்காவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. இனி இரண்டு மாதத்துக்கு வர முடியாதாம். வியாழக்கிழமையும் போயிற்று.

மே 29

ஜன்னலிலிருந்து மதில் மரங்களின் உச்சி மட்டும் தெரியும். கீழே யார் நடக்கிறார்கள் என்று தெரியாது. ஐஸ்கிரீம் கடைக்காரன் மணி கேட்கிறது. வெயிலில் அறை அவிந்துபோகிறது. இரண்டு பேரும் ஒரே காற்றை மாற்றி மாற்றி மூச்சு விடுகிறோம்.

ஜூன் 11

இன்று போய்விட்டேன்.

காலையிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தார். தண்ணி கொடுத்தேன், இல்ல. தலையணை மாற்றினேன், இல்ல. என்னதான்யா வேணும் உனக்கு, என்னால முடியல, நானும் மனுஷிதானே — கத்திவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிவிட்டேன். செருப்பு மாற்றவில்லை. மதில் மேல் எங்கள் ஜன்னல் தெரிகிற பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தேன். போனால் அப்படியே போயிருக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு. ஜன்னலைப் பார்த்துக்கொண்டா உட்காருவார்கள்?

திரும்பி வந்தபோது அவர் கட்டிலில் இல்லை.

ஜன்னலடியில் கிடந்தார். நாற்காலியைப் பிடித்து இழுத்து இழுத்து அதுவரை வந்திருக்கிறார். நெற்றியில் ரத்தம். வலியில் அழவில்லை. கையை ஜன்னல் பக்கம் காட்டினார். "மதில்," என்றார். ஐந்து மாதத்தில் புதிதாக ஒரு சொல்.

என்னைத் தேடினாரா, மரத்தைத்தான் பார்க்க ஆசைப்பட்டாரா? கேட்டேன். மறுபடியும் ஜன்னலைக் காட்டினார். நெற்றியைத் துடைத்துக் கட்டுப்போட்டேன்.

ஜூன் 12

கீழ்வீட்டுப் பெண்ணைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டு ஊகோவிடம் ஓடினேன். நேதோ மதில் கேட்கிறார் என்றேன்.

ஊகோ சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "இதை ஜனவரியிலயே சொல்லியிருக்கலாமேம்மா."

"அவருக்குத்தான் யாரும் வந்து பார்க்கிறதே பிடிக்காதே. இந்தக் கோலத்துல காட்டாதேன்னு முகத்தைத் திருப்பிக்குவார்."

"அவன் எப்பதான் எதைப் பிடிக்கும்னு சொன்னான்? நாங்க தூக்குறோம். என் மருமகன் பியானோ இறக்கிற வேலை பார்க்கிறான். நேதோ பியானோவை விட லேசு. வாய் மட்டும்தான் கனம், அதுவும் இப்ப குறைஞ்சிடுச்சு."

ஜூலை 6, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

ஊகோவும் மருமகனும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். கைப்பிடி வைத்த நாற்காலியில் நேதோவை உட்காரவைத்து இடுப்பில் வார் கட்டினார்கள். நான் அவருக்கு முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டுவிட்டிருந்தேன். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று மூச்சு வாங்கினார்கள். "டேய், நீ வேணும்னே கனத்துக்கிற," என்று ஊகோ திட்டினார். நேதோ கண்ணை மூடிக்கொண்டார். அவமானம் என்று நினைத்தேன். தெருவில் இறக்கியதும் திறந்தார். முகம் முழுக்க வெயில்.

சக்கர நாற்காலியில் சரிவு ஏற்றி மதிலுக்குக் கொண்டுபோனோம். சீட்டு மேஜையில் இடம் விட்டார்கள். யாரும் உச்சுக் கொட்டவில்லை. ஒருவர், "வந்துட்டான்யா ஏமாத்துக்காரன்," என்றார். அவ்வளவுதான். நேதோ இடது கையால் சீட்டுப் பிடித்தார், கீழே போட்டார், மறுபடி பிடித்தார். தோற்றார். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. அவர்கள் பார்க்காத மாதிரி ஆடினார்கள்.

பிறகு அவர்கள் காபி குடிக்கப் போனார்கள். மரத்தடியில் நாங்கள் இரண்டு பேர்.

"போகல," என்றார் நேதோ.

"யாரு?"

வாய் கோணிக்கொண்டு ரொம்ப நேரம் போராடியது. "நீ. கடல்."

"ஞாபகம் இருக்கா?"

தலையசைத்தார்.

"மொதல்லேர்ந்தா?"

தலையசைத்தார்.

அப்படியானால் இத்தனை மாதமும். நான் படியிறங்கும்போதெல்லாம் இனி திரும்பமாட்டேன் என்றே நினைத்துப் படுத்துக் கிடந்திருக்கிறார். அதற்குத்தான் அந்தத் தட்டல். எனக்கு இரக்கம் வரவில்லை முதலில். கோபம்தான் வந்தது. இவ்வளவு தெரிஞ்சவருக்கு அன்னிக்கு மாலையில சிரிக்காம இருக்கத் தெரியலையே. அதையும் சொன்னேன், அவர் முகத்தைப் பார்த்தே. கேட்டுக்கொண்டார். வேறு வழியில்லாமல் கேட்டாரா, உண்மையிலேயே கேட்டாரா, தெரியாது. முப்பத்திமூன்று வருஷத்தில் நான் பேசி முடிக்கும்வரை அவர் குறுக்கிடாதது இன்றுதான்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் நேதோ நிலைக்கல்லைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"டேய், தூக்கப் போறது நாங்க. உனக்கென்ன?" என்றார் ஊகோ.

"மேல வேண்டாம்." இரண்டு சொல் சேர்ந்து வந்தது முதல் தடவை.

"பிடிவாதம் பண்ணாதடா."

"ஜெயில்," என்றார். கல்லை விட்டு, இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டார். அப்புறம் அதே கையை நீட்டி என்னைக் காட்டினார்.

ஊகோவின் மருமகன் வண்டியை எடுத்துவரப் போனார். ஃபோஸ்காவின் வீடு தரைத்தளம். அங்கேதான் விட்டோம், இன்று ஒரு நாளைக்கு என்று சொல்லி.

ஜூலை 7

காலையில் நானே விழித்தேன். யாரும் கூப்பிடவில்லை. காது தட்டலைத் தேடிக்கொண்டே இருக்கிறது.

ஆகஸ்ட் 10

ஒரு நாள் என்று சொன்னது ஒரு மாதம் தாண்டிவிட்டது. தினமும் பஸ்ஸில் போய்க் குளிப்பாட்டிவிட்டு வருகிறேன். அவர் முற்றத்தில் அத்திமரத்தடியில் உட்காருகிறார். வீட்டுக்கு வாங்க என்றால் வேண்டாம் என்கிறார். இன்று ஃபோஸ்கா வெடித்துவிட்டார்.

"எனக்கு எழுபத்தி மூணு. முழங்கால் இல்ல. எவ்வளவு நாளுக்கு நான் தாங்குவேன்? நீ என்ன கணக்குல இருக்க?"

சொல்லிவிட்டேன். ஜனவரியில் கிளம்ப இருந்ததை, அறையை, எல்லாவற்றையும்.

"ஓ. அப்ப இவனை என் தலையில கட்டிட்டுக் கடல் பார்க்கப் போறியா? ஊரே உன்னைத் தூக்கி வச்சுப் பேசுச்சே. நானும்தான் பேசினேன், முட்டாள்."

"உங்க தலையில கட்டல. அவருக்கு ஒரு இடம் பார்ப்போம், நாம மூணு பேரும் சேர்ந்து."

"நாமளா? எனக்கும் உனக்கும் இனிப் பேச்சில்ல."

முற்றத்திலிருந்து நேதோ கேட்டுக்கொண்டிருந்தார். "ஃபோஸ்கா," என்று அதட்டினார். பழைய குரல். அக்கா வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தக் குரலுக்கு நானும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன், எனக்காக எழுந்ததாக இருந்தாலும்.

ஆகஸ்ட் 26

மதிலடியில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற முதியோர் இல்லம். தரைத்தளத்து அறை, தோட்டத்துக் கதவைத் திறந்தால் மதிலேறுகிற சரிவு. நேதோவையே கூட்டிப் போய்க் காட்டினேன். நான் முடிவு செய்யவில்லை. அவர் மெத்தையை அழுத்திப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அறையிலிருந்த இன்னொரு கிழவரின் முடியைப் பார்த்து முகம் சுளித்தார். "யார் வெட்டினது?" என்கிற சுளிப்பு அது. பிறகு "சரி" என்றார்.

வீட்டை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறோம். அதில் இல்லத்துச் செலவு நடந்துவிடும். பார்க்க வந்த ஜோடி அந்தப் படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டது.

செப்டம்பர் 15

லெத்ஸியாவின் பட்டறைக்குப் பின்னால் ஒரு அறை. கடல் தெரியாது, ஒரு சுவர்தான் தெரியும். கட்டிலை எங்கே போடுவது என்று யாரையும் கேட்காமல் மூன்று இடத்தில் போட்டுப் பார்த்தேன். ராஜினாமா செய்தவள் மாதிரி இருக்கிறது, ஓடிவந்தவள் மாதிரியும் இருக்கிறது. ஃபோஸ்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

மத்தியானம் போய் நேதோவை மதிலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வேகமாகத் தள்ளுகிறேன் என்று திட்டினார். "கழுதை" என்ற சொல் திரும்பி வந்துவிட்டது, அதுவும் தெளிவாக. இப்படித்தான் தள்ளுவேன், பிடிக்காவிட்டால் ஊகோவைத் தள்ளச் சொல்லுங்க என்றேன். முனகிக்கொண்டே வந்தார்.

சீட்டு மேஜையில் ஊகோ மரக்கட்டையில் பள்ளம் இழைத்துக் கொண்டுவந்திருந்தார், சீட்டைச் செருகி வைத்துக்கொள்ள. நேதோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆட்டம் தொடங்கியது. நான் பக்கத்துப் பெஞ்சில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. இலைகள் மடியில் விழுந்திருந்தன.

"ஒர்னே."

என்ன வேணும் என்று எழுந்தேன். தண்ணியா, போர்வையா?

நேதோ சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரயில்," என்றார். "நேரமாச்சு."

ஊகோ என்னைப் பார்த்தார். நான் பையை எடுத்துக்கொண்டேன். நேதோவின் கழுத்துத் துண்டைச் சரிசெய்யப் போனேன், கையைத் தட்டிவிட்டார். அவர் கையில் நல்ல சீட்டு வந்திருக்க வேண்டும்.

சரிவில் இறங்கி, கோட்டை வாசலைத் தாண்டி, ஸ்டேஷனுக்கு நடந்தேன். வண்டி கிளம்புகிற நேரத்துக்குச் சரியாக ஏறினேன். நாளைக்குப் பட்டறையில் ஒரு ஓட்டலுக்கு நீலத் திரை வெட்ட வேண்டும். ஊகோவிடமிருந்து செய்தி வந்திருக்கிறது: ஜெயிச்சிட்டான், இனி இவனைத் தாங்க முடியாது.